பர்மா நடைப்பயணமும் ஆறாத மனக்காயமும்

போர், வெள்ளம், விபத்து போன்ற கொடிய நிகழ்வுகளில் தப்பியவர்கள் சிலருக்கு, ஆபத்து நீங்கிய பிறகும் அச்சம் நீங்குவதில்லை. அதே காட்சி கனவில் வரும். சிறு சத்தம் கேட்டாலும் உடல் நடுங்கும். இதற்குப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் என்று பெயர். வியட்நாம் போரில் இருந்து திரும்பிய வீரர்களின் நிலையைப் பார்த்த பிறகு, 1980-ல் தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் பெயர் வருவதற்கு முன்பே நோய் இருந்தது. செட்டிநாட்டின் பர்மா வரலாற்றை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

காரைக்குடி, தேவகோட்டை பகுதிகளில் இருந்து நகரத்தார்கள் பர்மாவுக்குக் "கொண்டு விற்க" போனார்கள். முதலாளிக்காக மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று பலர் வேலைக்குப் போனார்கள். மூன்று ஆண்டுகள் அங்கே இருந்துவிட்டு ஊர் திரும்புவது வழக்கம். பெரும்பாலும் குடும்பம் ஊரிலேயே இருக்கும். 1930-களின் இறுதியில் கீழ் பர்மாவின் நெல் வயல்களில் சுமார் நான்கில் ஒரு பங்கு செட்டியார்கள் கையில் இருந்தது.

1941 டிசம்பர் 23-ல் ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு வீசின. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் தப்பினார்கள். மற்றவர்கள் அரக்கான் மலை வழியாகவும், தாமு வழியாக மணிப்பூருக்கும் நடந்தார்கள். செட்டியார்கள் மட்டுமல்ல, குமாஸ்தாக்களும் கூலித் தொழிலாளர்களும் நடந்தார்கள். பர்மாவை விட்டு வெளியேறிய இந்தியர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். காலரா, மலேரியா, பசியால் பல்லாயிரம் பேர் வழியிலேயே இறந்தார்கள். உடன் வந்தவரைப் பாதையோரம் விட்டுவிட்டு நடக்க வேண்டிய நிலை. ரங்கூனில் 'ஜோதி' இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா இந்தப் பயணத்தைத் தனி நூலாகவே எழுதினார். எழுதாதவர்களே அதிகம்.

வரலாற்று நூல்கள் இழந்த நிலத்துக்கும் வராத கடனுக்கும் கணக்குச் சொல்கின்றன. இழந்த தூக்கத்துக்குக் கணக்கு இல்லை. அன்று மனநல ஆலோசனை என்ற ஒன்று இவர்களை எட்டவில்லை. இருந்த துணை பெரிய வீடு, பங்காளிகள், நகரக் கோயில் ஆகியவை தான். அது சிறிய துணை அல்ல. உற்றாரின் ஆதரவு உள்ளவர்களுக்கு இந்நோயின் தாக்கம் குறைகிறது என்று இன்றைய ஆய்வுகளும் கூறுகின்றன. ஆனால் உறவு இருந்தும் ஆறாத காயத்துக்கு வேறு வழி அன்று இல்லை.

இந்த நிலை மெல்ல மாறியது. 2004 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அப்போது பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் தமிழகக் கடலோரங்களுக்கு வந்து, உள்ளூர்ப் பணியாளர்களுக்கு மனநல ஆதரவுப் பயிற்சி அளித்தார்கள்.

இன்று இந்நோய்க்குப் பலன் தரும் சிகிச்சைகள் உண்டு. பாதுகாப்பான சூழலில், பயிற்சி பெற்றவர் துணையோடு, நினைவைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ள வைப்பது அவற்றில் முக்கியமானது. நடந்ததை உடனே சொல்லும்படி வற்புறுத்துவது கூடாது. முதலில் உணவு, பாதுகாப்பு, உறவினரோடு சேர்த்து வைத்தல். பேச விரும்பினால் கேட்க ஒருவர். 2022 முதல் டெலி மானஸ் உதவி எண் 14416-ல் தமிழிலும் பேசலாம்.

மலை கடந்து வந்தவர்களை "உயிரோடு வந்தாயே, அது போதும்" என்று வரவேற்றிருப்பார்கள். உயிரோடு வந்தால் மட்டும் போதாது என்பதே அந்தப் பயணம் நமக்குத் தரும் பாடம்.