செயல்பாட்டு மேலாண்மை: முதுநிலை வணிகக் கல்வி

செயல்பாட்டு மேலாண்மை என்பது மூலப்பொருள், உழைப்பு, இயந்திரம், தகவல் ஆகியவற்றைப் பொருளாகவோ சேவையாகவோ மாற்றும் பணிகளைத் திட்டமிட்டு நடத்தி மேம்படுத்தும் துறை. நிதி, சந்தைப்படுத்தல், மனிதவளம் ஆகியவற்றோடு எம்.பி.ஏ. படிப்பின் அடிப்படைப் பாடங்களுள் இதுவும் ஒன்று. பொதுவாக முதலாண்டில் எல்லோருக்கும் கட்டாயப் பாடமாகவும், இரண்டாமாண்டில் விருப்பப் பாடங்களாகவும் கற்பிக்கப்படுகிறது. ஆலை மட்டுமல்ல, மருத்துவமனை, வங்கி, விமான நிலையம், உணவகம் ஆகியவையும் இதன் ஆய்வுக்களங்கள்.

வரலாறு

ஃபிரடெரிக் டெய்லர் 1911இல் வெளியிட்ட அறிவியல்முறை மேலாண்மை பற்றிய நூல் இத்துறைக்கு அடித்தளம் இட்டது. 1913இல் ஃபோர்டு ஹாரிஸ் சிக்கனக் கொள்முதல் அளவுக்கான சூத்திரத்தை வகுத்தார். அதே ஆண்டில் ஃபோர்டு கார் நிறுவனத்தின் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் கோர்ப்பு வரிசை இயங்கத் தொடங்கியது. 1924இல் வால்டர் ஷூவார்ட் தரக் கட்டுப்பாட்டு வரைபடத்தை உருவாக்கினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் தாயிச்சி ஓனோ வளர்த்த டொயோட்டா உற்பத்தி முறை, தேங்கிய இருப்பையும் வீண் வேலையையும் குறைக்கும் வழியைக் காட்டியது.

பாடப் பகுதிகள்

பாடம் பெரும்பாலும் செயல்முறைப் பகுப்பாய்வில் தொடங்கும். ஒரு வேலை கடந்து செல்லும் படிகளை வரைந்து, மிக மெதுவாக நகரும் படியை மாணவர் கண்டறிகிறார். முழு அமைப்பின் வேகத்தையும் தீர்மானிப்பது அந்த ஒரு படிதான். 1961இல் ஜான் லிட்டில் நிறுவிய விதி இங்கே பயன்படும். மணிக்கு 40 நோயாளிகள் வந்து, ஒவ்வொருவரும் சராசரியாக ஒன்றரை மணி நேரம் தங்கினால், மருத்துவமனையில் சராசரியாக 60 பேர் இருப்பார்கள்.

வரிசைக் கோட்பாடு இன்னும் வியப்பான முடிவைத் தருகிறது. ஒரே கவுண்டர், முன்கூட்டிச் சொல்ல முடியாத வருகை, ஒருவருக்குச் சராசரியாக 10 நிமிட வேலை என்று வைத்துக்கொள்வோம். அடிப்படை மாதிரியின்படி, கவுண்டர் 80 விழுக்காட்டு நேரம் வேலையில் இருந்தால் சராசரிக் காத்திருப்பு 40 நிமிடம். 90 விழுக்காடானால் அது 90 நிமிடமாகவும், 95 விழுக்காடானால் 190 நிமிடமாகவும் உயரும். ஊழியர்களுக்குச் சற்றும் ஓய்வில்லாதபடி வேலையை நிரப்பினால் வரிசை நீளத்தான் செய்யும்.

இருப்புக் கட்டுப்பாடு, தேவை முன்கணிப்பு, தரம், விநியோகச் சங்கிலி, திட்ட மேலாண்மை ஆகியவை மற்ற பகுதிகள். இவற்றுக்கு நிகழ்தகவும் புள்ளியியலும் துணை நிற்கின்றன.

கற்பிக்கும் முறை

நிகழ்வாய்வு முறை பரவலாகக் கையாளப்படுகிறது. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை பற்றிய ஹார்வர்டு வணிகப் பள்ளியின் நிகழ்வாய்வு, பல நாட்டு வகுப்பறைகளில் விவாதிக்கப்படுகிறது. அங்கே ஒரு மேசையில் அறுவைச் சிகிச்சை நடக்கும்போதே, அடுத்த மேசையில் செவிலியர் அடுத்த நோயாளியைத் தயார்செய்துவிடுவர். கிடைத்தற்கரிய மருத்துவரின் நேரம் வீணாவதில்லை. ஏழைகளுக்கு இலவச சிகிச்சை அளிப்பதற்கு இந்த ஒழுங்கும் ஒரு காரணம்.

எம்.ஐ.டி.யில் 1960களில் உருவான பீர் விளையாட்டும் புகழ்பெற்றது. சில்லறை வணிகர், மொத்த வணிகர், விநியோகஸ்தர், ஆலை என நான்கு பொறுப்புகளை மாணவர்கள் ஏற்பார்கள். வாடிக்கையாளர் தேவை 4 பெட்டியிலிருந்து 8 பெட்டியாக ஒரே ஒருமுறைதான் உயரும். ஆனால் ஆலையை எட்டும்போது ஆர்டர்கள் தாறுமாறாக ஏறி இறங்கும். தகவல் தாமதத்தால் விளையும் இது சாட்டை விளைவு எனப்படுகிறது.

இந்தியாவில்

இந்திய மேலாண்மைக் கழகங்கள் அனைத்திலும் இப்பாடம் உண்டு. 1963இல் மும்பையில் தொடங்கப்பட்ட தேசியத் தொழிற்பொறியியல் பயிற்சி நிறுவனம் இத்துறைக்குப் பெயர்பெற்றது. 2023இல் அது மும்பை இந்திய மேலாண்மைக் கழகமாக மாற்றப்பட்டது. பொறியியல் பட்டதாரிகள் இதை மிகுதியாகத் தேர்ந்தெடுத்தாலும், அடிப்படைப் பாடத்துக்குப் பொறியியல் பின்னணி தேவையில்லை. உற்பத்தி, சரக்குப் போக்குவரத்து, மின்வணிகம், மருத்துவமனை நிர்வாகம், ஆலோசனைப் பணி ஆகியவற்றில் இதைப் பயின்றவர்கள் பணியாற்றுகின்றனர். தாமதம் நேர்ந்தால், ஆளைக் குறைகூறுவதற்கு முன் வேலை நகரும் முறையை ஆராய வேண்டும் என்பதே இக்கல்வி தரும் முதன்மையான பயிற்சி.