எல்பிடா என்றொரு கம்பெனி இருந்தது

போன வாரம் பழைய லேப்டாப்பைத் திறந்து தூசி தட்டிக்கொண்டிருந்தேன். ரேம் அட்டையின் கறுப்பு சிப்புகளில் பொடி எழுத்தில் 'எல்பிடா' என்றிருந்தது. ரூம்மேட் எட்டிப் பார்த்து, "யாருடா இது, டூப்ளிகேட்டா?" என்றான். அடப்பாவி, ஜப்பானின் கடைசி டிரேம் கம்பெனிடா அது! (கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது விவரங்களைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி சிப்தான் டிரேம்.)

1980களில் இந்த சிப் சந்தை ஜப்பான்காரர்கள் கையில் இருந்தது. 1985-ல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் இருந்த மைக்ரான் என்ற சின்ன கம்பெனி, 'ஜப்பான்காரங்க அநியாயத்துக்கு விலையைக் குறைச்சு விக்கிறாங்க' என்று தன் அரசிடம் புகார் கொடுத்தது. இந்தப் பேரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு சாம்சங் வந்தது. ஜப்பான் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கடையைக் கட்ட, என்ஈசியும் ஹிட்டாச்சியும் 1999-ல் தங்கள் டிரேம் பிரிவுகளை ஒன்றாக்கின. அதுதான் எல்பிடா. கிரேக்க மொழியில் 'நம்பிக்கை' என்று அர்த்தம் வரும் சொல்லிலிருந்து எடுத்த பேர். 2003-ல் மிட்சுபிஷியின் பிரிவும் சேர்ந்தது. நேத்து வரைக்கும் போட்டியாளர்கள், இன்னைக்கு ஒரே பந்தி. ஹிட்டாச்சியிலிருந்து அங்கே போன யுனோகாமி தகாஷி என்ற இன்ஜினியர், அந்த உள்சண்டையைப் பற்றிப் பின்னாளில் எழுதியிருக்கிறார். பழைய பெரிய கம்ப்யூட்டர்களுக்காகப் பழகிய அதீத தரத்தை, மலிவான பிசிக்கான சிப்பிலும் விடமுடியவில்லை என்பது அவர் வாதம்.

2002-ல் தலைவராக வந்த சகமோட்டோ யுகியோ விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்! இருந்தும் கம்பெனியைத் தூக்கி நிறுத்தினார். 2004-ல் டோக்கியோ பங்குச் சந்தைக்கே கொண்டுபோனார்.

அப்புறம் என்ன ஆச்சு? டிரேம் என்பது தக்காளி மாதிரி. யார் தோட்டத்துது என்று யாரும் கேட்பதில்லை, விலைதான் பேச்சு. 2008-ல் விலை சரிந்தது. 2009-ல் அரசு வங்கி 3,000 கோடி யென் போட்டுக் காப்பாற்றியது. ஆனால் யென்னின் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. 2007-ல் ஒரு டாலருக்கு 120 யென் அளவில் கிடைத்தது, 2011 கடைசியில் வெறும் 77. விற்பது டாலரில், சம்பளமும் கரண்ட் பில்லும் யென்னில். என்னைக் கேட்டால், உள்சண்டையை விட இந்தக் கணக்குதான் ஆளைக் கொன்றது. அதே வருடம் தாய்லாந்து வெள்ளத்தில் ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்க, பிசி உற்பத்தியும் அடி வாங்கியது.

2012 பிப்ரவரியில் சுமார் 44,800 கோடி யென் கடனோடு எல்பிடா திவால். 2013-ல் வாங்கியது யார் தெரியுமா? அதே மைக்ரான் :-)

ஹிரோஷிமா பக்கத்து எல்பிடா ஆலை மூடப்படவில்லை. 2022-ல் மைக்ரான் தன் புதிய தலைமுறை டிரேமை அங்கேதான் தயாரிக்க ஆரம்பித்தது. 2023-ல் ஜப்பான் அரசே அதற்கு மானியம் தர முன்வந்தது. புகார் கொடுத்தவருக்கு!

லேப்டாப்பை மூடி ஆன் பண்ணினேன். ரேம் இன்னும் ஓடுது. யுனோகாமி சொன்ன அதீத தரம் இதுதான் போல.