கைத்தொலைபேசித் தாங்கி செய்யப் போறீங்களா? முதலில் பொருளின் குணத்தைத் தெரிஞ்சுக்குங்க!

வடிவமைப்பும் தொழில்நுட்பமும்... 'டி அண்ட் டி'னு சொன்னால் உடனே புரியும். சிங்கப்பூரில் உயர்நிலை 1, 2 மாணவர்கள் படிக்கும் பாடம்.

தாளில் வரைந்த தாங்கி அழகாக இருக்கும். பட்டறையில் துளை போடும்போது 'டக்'கென்று விரிசல். பல வாரம் செய்த வேலை வீண். "எனக்குக் கைவேலை வராது" என்று உடனே நினைத்துவிட வேண்டாம். பொருளின் குணத்துக்கு ஏற்றபடி வரையாததும் காரணமாக இருக்கலாம்.

ஒரே தாங்கி, மூன்று பொருள்கள். என்ன வித்தியாசம்?

1. அக்ரிலிக்

சூடாக்கினால் இளகும், ஆறினால் இறுகும். இத்தகைய பிளாஸ்டிக்கைத் தெர்மோபிளாஸ்டிக் என்கிறோம். வளைக்க வேண்டிய கோட்டை மட்டும் ஸ்ட்ரிப் ஹீட்டரில் சூடாக்கி வளைக்கலாம்.

கோணம் தப்பாப் போச்சா? மறுபடி சூடாக்குங்கள். தகடு தன் பழைய தட்டை வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். ஆனால் சூடு மிதமிஞ்சினால் உள்ளே குமிழிகள் வந்துவிடும். அவை போகாது.

அக்ரிலிக் எளிதில் விரிசல் விடும். துளை போடும்போது அடியில் மரத்துண்டு வைத்து, இரண்டையும் கிளாம்ப் போட்டு இறுக்கி, மெதுவாகத் துளையிடுங்கள். ஓரத்தை ஒட்டித் துளை வேண்டாம்.

எல்லா பிளாஸ்டிக்கும் இப்படி இளகாது. உணவங்காடி நிலையத்தில் சூப் ஊற்றித் தரும் மெலமைன் கிண்ணம் தெர்மோசெட்டிங் வகை. ஒருமுறை இறுகிய பிறகு, சூடாக்கி வடிவத்தை மாற்ற முடியாது.

2. மரம்

மரத்துக்கு இழையோட்டம் உண்டு. இழையின் போக்கில் அது சுலபமாகப் பிளக்கும். இழைக்குக் குறுக்கே உடைப்பது கடினம்.

கைத்தொலைபேசி வழுக்காமல் இருக்க, தாங்கியின் முன்னால் சிறிய தடுப்பு ஒன்று மேல்நோக்கி இருக்கும் அல்லவா? அங்கே இழை கீழிருந்து மேலே ஓட வேண்டும். கிடையாக ஓடினால் லேசாக அழுத்தினாலே 'படக்'!

பிளைவுட்டில் இந்தப் பிரச்சினை குறைவு. மெல்லிய மர அடுக்குகளை, இழைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி ஒட்டிச் செய்வதே காரணம்.

பெயரைப் பார்த்தும் ஏமாந்துடாதீங்க. மாதிரி விமானம் செய்யப் பயன்படும் பால்சா மிக மென்மையானது. ஆனால் அகன்ற இலை மரத்திலிருந்து வருவதால் அது வன்மர வகை!

3. உலோகம்

ஒரே அளவுள்ள எஃகுத் துண்டின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அலுமினியத் துண்டின் எடை. அலுமினியம் துருப்பிடிக்காது. அதன் மேற்பரப்பில் தானாக உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலம் அதைக் காக்கிறது.

சாதாரண எஃகு அப்படியல்ல. நம்ம ஊர் ஈரக்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். சாயம் பூச வேண்டும்.

தாங்கி ஏன் கவிழ்கிறது?

பொருள் சரியாக இருந்தாலும் தாங்கி கவிழலாம். கைத்தொலைபேசியை வைத்ததும் மொத்த எடையின் மையம் மாறும். அந்த மையத்திலிருந்து நேர்கீழே கோடு போட்டால், அது தாங்கியின் அடிப்பகுதிக்குள் விழ வேண்டும். வெளியே விழுந்தால் கவிழ்ந்துவிடும். அடிப்பகுதியை அகலமாக்குங்கள், அல்லது சாய்வைக் குறையுங்கள்.

வெட்டுவதற்கு முன் நான்கு கேள்விகள்

• கைத்தொலைபேசியை அதன் உறையோடு சேர்த்து அளந்தீர்களா?

• மின்னூட்டக் கம்பிக்கு இடைவெளி விட்டீர்களா?

• எந்த இடத்தில் அதிக விசை விழும்? அந்த இடத்தில் பொருள் தாங்குமா?

• பழைய அட்டைப்பெட்டியை வெட்டி, முழு அளவில் ஒரு மாதிரி செய்து பார்த்தீர்களா? அட்டையில் தப்பு வந்தால் ஐந்து நிமிடம்தான் போகும்; அக்ரிலிக்கில் வந்தால் தகடே போய்விடும்.

"ஏன் இந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்தாய்?" என்று ஆசிரியர் கேட்பார். "பார்க்க அழகா இருக்கு, சார்" என்பது பாதி பதில்தான். "ஒரே தகட்டை இரண்டு இடத்தில் வளைத்தால் போதும், ஒட்டுவதற்கு எதுவும் இல்லை. அதான் அக்ரிலிக்" என்று சொல்லிப் பாருங்கள். அதுதான் வடிவமைப்பாளரின் பதில்.