முயலுக்கு ஊறவச்ச கடலை

பட்டணத்துல முயல் வளர்க்கிற பிள்ளைகள் கூண்டுக்குள்ள ஒரு கிண்ணம் நிறைய சூரியகாந்தி விதை, ஒரு கேரட், சில வீட்டுல பிஸ்கட்டும் வைக்கிறாங்க. பிரியமாத்தான் வைக்கிறாங்க. ஆனா முயல் தீனியில விதை வந்து சேர்ந்தது கறிக்காக. அந்தப் பழைய கதையைக் கொஞ்சம் சொல்றேன்.

அதுக்கு முன்னால ஒண்ணு. தமிழ்ல காட்டுல ஓடுறதும் முயல், கூண்டுல இருக்கிறதும் முயல். ரெண்டும் வேற வேற இனம். நம்ம காட்டு முயல் குட்டி கண் திறந்து, உடம்பெல்லாம் ரோமத்தோட பிறக்கும். வீட்டு முயல் குட்டி கண்ணு மூடி, செக்கச்செவேல்னு ரோமமே இல்லாம கிடக்கும். இதுக்குப் பூர்வீகம் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம். (காட்டு முயலைப் பிடிக்கிறது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வீட்டு முயலுக்கு அந்தத் தடை இல்லை.)

அந்தக் காலத்து ரோமாபுரிப் பணக்காரர்கள் தோட்டத்துல மதில் கட்டி அதுக்குள்ள ரெண்டு வகை முயலையும் விட்டு வளர்த்தார்கள். கி.மு. 37-ல் விவசாய நூல் எழுதிய வாரோ என்பவர், முயலைப் பிடிச்சுச் சின்னக் கூண்டுல அடைச்சுக் கொழுக்க வைக்கிற பழக்கம் இப்பத்தான் வந்திருக்குன்னு எழுதியிருக்கார். அடுத்த நூற்றாண்டுல கொலுமெல்லான்னு ஒருத்தர். ஸ்பெயின்ல பிறந்தவர், நிலபுலன் வச்சு விவசாயம் பார்த்தவர். மதிலுக்குள்ள கீரை விதைச்சு விடணும், அதோட கொண்டைக்கடலை, பார்லியை மழைத்தண்ணியில ஊறவச்சுப் போடணும்ங்கிறார். காய்ஞ்சதா போட்டா குட்டி முயல் அவ்வளவா விரும்பாதாம். எனக்கு ஒரே ஆச்சரியம். எங்க பக்கம் கறி முயல் வளர்க்கிறவங்க, குட்டி போட்ட தாய் முயலுக்கு ராத்திரியே கொண்டைக்கடலை ஊறப் போடுவாங்க. அவங்க யாரும் கொலுமெல்லாவைப் படிச்சவங்க இல்லை!

ஆக, விதை கொழுக்க வைக்கிற தீனி. கறி முயலுக்கு ஆயுசே மூணு, நாலு மாசம். அதுக்குள்ள எடை ஏறணும், அவ்வளவுதான் கணக்கு.

இரண்டாம் உலகப் போர் சமயத்துல இங்கிலாந்தில் கறிக்கு ரேஷன். ஜனங்க கொல்லைப்புறத்துல முயல் வளர்த்தாங்க. தானியம் மனுஷனுக்கே பத்தாதப்போ முயலுக்கு எங்கே போறது? வேலியோரத்துக் களைச்செடி, வேகவச்ச உருளைக்கிழங்குத் தோல், கிடைச்சா கொஞ்சம் தவிடு. முயல் பாட்டுக்கு அதைத் தின்னு குட்டி போட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு.

கேரட் வந்த வழி வேற. 1940-ல் அமெரிக்காவுல பக்ஸ் பன்னின்னு ஒரு கார்ட்டூன் முயல் கேரட்டைக் கடிச்சுக்கிட்டு வந்துச்சு. அதுவும் 1934-ல் வந்த ஒரு சினிமாவுல கிளார்க் கேபிள் கேரட் தின்னுக்கிட்டே பேசுறதைப் பார்த்துச் செஞ்ச கேலி. உலகமே முயல்னா கேரட்னு முடிவு பண்ணிடுச்சு.

முயல் வயிறு புல்லுக்குன்னே அமைஞ்சது. சிறுகுடலும் பெருங்குடலும் சேர்ற இடத்துல ஒரு பெரிய பை இருக்கு. தின்ன தழை அங்கே புளிச்சு, மெத்துனு ஒரு தனிப் புழுக்கையா வெளியே வரும். அதை முயல் திரும்பவும் தின்னும். சீக்குன்னு பயப்படாதீங்க, அதுலதான் அதுக்குச் சத்தே. விதை, பிஸ்கட்னு மாவும் கொழுப்பும் கூடி நார் குறைஞ்சா இந்தப் புளிப்புக் கெட்டு வயிறு உப்பும், குடல் ஓட்டம் நின்னு போகும். பல்லும் சாகிற வரைக்கும் வளர்ந்துக்கிட்டே இருக்கும். புல்லை அரைச்சாத்தான் தேயும்.

கறி முயலுக்கு மூணு மாசம் போட்ட தீனியை, எட்டு பத்து வருஷம் வாழ வேண்டிய செல்ல முயலுக்கு நாள் தவறாம போடுறதுதான் இப்ப நடக்குது. தீனி எடுக்காம, புழுக்கை போடாம அரை நாள் சுருண்டு கிடந்தா அன்னைக்கே கால்நடை டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க. மறுநாள் பார்க்கலாம்னு இருந்தா கை மீறிடும்.

மத்தபடி காய்ஞ்ச புல் எந்நேரமும் கூண்டுல கிடக்கணும். மொட்டை மாடித் தொட்டியில அருகம்புல் நல்லாவே வரும். விதை ஆசைக்கு நாலு போதும். கேரட் வாங்கினா கிழங்கை நீங்க சாப்பிட்டுட்டு தழையை அதுக்குப் போடுங்க.