துரை, ஐயர், அண்ணன்

அப்பாவுக்கு ஆம்பூரில் ஒரு டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. ஞாயிறு காலை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்தாலும் நகக்கண்ணில் அந்த வெள்ளை போகாது. சலவை வேட்டி கட்டி, கோயிலில் கடைசி பெஞ்சில் ஓரமாக உட்காருவார். பக்கத்தில் நான்.

"இன்னாடா, பின்னால குந்திக்கினு? முன்னால வா" என்று என்னைக் கையைப் பிடித்து இழுத்தவர் ஞாயிறு பள்ளி அண்ணன். வார நாட்களில் ஆவாரம்பட்டை மண்டியில் கணக்கு எழுதுவார். அவர் சட்டைக் காலரில் எப்போதும் பட்டைத்தூள் இருக்கும். அப்பாவின் தொட்டியிலிருந்து வெளியே வரும் தோல் அந்தப் பட்டைத் தண்ணீரில்தான் நாள்கணக்கில் ஊறிப் பழுக்கும். எங்களுக்குள் மறைக்க நாற்றம் எதுவும் இல்லை.

அவரை அண்ணன் என்று கூப்பிடுவது சாதாரண விஷயம் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். வட ஆற்காட்டுக் கிறிஸ்தவத்தில் அந்தச் சொல் சபைக்குள் வருவதற்கே காலம் பிடித்தது. 1853-ல் ஆற்காடு மிஷனை அமைத்த ஸ்கடர் சகோதரர்களும், 1895-ல் வந்து கிருஷ்ணகிரிப் பக்கம் லுத்தரன் மிஷனைத் தொடங்கிய நேதரும் மோனும் ஜனங்களுக்குத் துரைமார்தான். நம்மவர் குருப்பட்டம் பெற்றபோது ஐயர் ஆனார்கள். துரை பங்களாவில் இருப்பார், ஐயர் பீடத்தில் நிற்பார். இரண்டு பேரிடமும் கைகட்டித்தான் பேச வேண்டும்.

1921-ல் திருப்பத்தூரில் இரண்டு டாக்டர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் சவரிராயன் ஜேசுதாசன், சீமைக்குப் போய் வைத்தியம் படித்துத் திரும்பிய தமிழர். மற்றவர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன், ஸ்காட்லாந்தில் கம்பளி நூல் ஆலை வைத்திருந்த வீட்டுப் பிள்ளை. இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கதர் உடுத்தினார்கள், ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தார்கள். ஜேசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். வெள்ளைக்காரர் சின்னவர், தமிழர் பெரியவர். வெள்ளையர் ஆட்சியில் அப்படி ஒரு வரிசை! 1932-ல் சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த சமயம், கதரோடு அங்கே போன சின்னண்ணனைப் போலீஸ் அடித்தது; விஷயம் லண்டன் பார்லிமெண்ட் வரை போனது. நூல் ஆலைக்காரர் மகன் கதருக்காக அடி வாங்கினார் என்பதை எங்கள் அண்ணன் சொல்லும்போது குரலில் ஒரு குறும்பு வரும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்களில் ஏழெட்டுப் பேரை அண்ணன் அந்த ஆசிரமத்துக்கு அழைத்துப் போனார். ஜோலார்பேட்டையில் இறங்கி வேறு ரயில். ஆசிரமக் கோயிலுக்குக் கோபுரம் இருப்பதைப் பார்த்து, தவறான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று ஒருவன் கேட்டே விட்டான். உள்ளே எல்லோரும் தரையில்தான் உட்கார்ந்தார்கள். கடைசி பெஞ்சு எங்கே இருக்கும் என்று என் கண் பழக்கத்தில் தேடியது. மத்தியானம் சைவச் சாப்பாடு. ஆம்பூர்க்காரனுக்கு ஞாயிற்றுக்கிழமை சாம்பார் என்பது கொஞ்சம் கடுமையான ஆன்மிகப் பயிற்சிதான்.

அந்த வருஷங்களிலேயே அரைப்பதத் தோலை ஏற்றுமதி செய்ய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. முழுதாகப் பதனிட்ட தோல்தான் இனிப் போக வேண்டும் என்றானது. டேனரிகளில் குரோம் டிரம்கள் உருண்டன, பட்டைக் குழிகள் ஒவ்வொன்றாக மூடின. மண்டி நொடித்தது. அண்ணன் ஒரு ஷூ கம்பெனி வாசலில் டைம் கீப்பராக உட்கார்ந்தார். காலரில் தூள் இல்லாத அவரைப் பார்க்க எனக்கு ஒருமாதிரி இருந்தது. சனிக்கிழமை பாட்டுப் பயிற்சியை மட்டும் அவர் விடவில்லை. ஆர்மோனியத்தில் ஒரு கட்டை ஊமை. அந்த இடம் வரும்போது வாயால் சுரத்தைப் போட்டுக்கொண்டே மேலே போவார்.

அவர் வகுப்பை இப்போது நான் நடத்துகிறேன். பிள்ளைகள் என்னை 'அங்கிள்' என்கிறார்கள். அண்ணன் என்று கூப்பிடுங்கடா என்றேன் ஒருநாள். என் தலையைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள்.