தகரப் பெட்டியும் மடிக்கணினியும்



ஆறாம் ஆண்டு மாணவர்கள் பன்னிரண்டு வயது நிரம்பியதும் 'மைகாட்' எடுக்கச் செல்கின்றனர். அது ஏன் பன்னிரண்டு என்று ஒரு மாணவி வகுப்பில் கேட்டாள். அதற்கு விடை 1948இல் இருக்கிறது.

அவ்வாண்டு ஜூன் 18ஆம் நாள் மலாயா முழுவதும் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளையும் ஊர்மக்களையும் பிரித்தறிய வேண்டிய கட்டாயம் பிரிட்டிஷ் ஆட்சிக்கு ஏற்பட்டது. எனவே, பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் உள்ள அனைவரும் பதிந்துகொள்ள வேண்டுமென ஆணையிட்டது. புகைப்படமும் கைரேகையும் கொண்ட அந்தக் காகித அட்டையே நம் 'ஐ.சி.'யின் மூதாதை. போராளிகளும் அதன் வலிமையை உடனே உணர்ந்தனர். தொழிலாளர்களிடமிருந்து அட்டைகளைப் பறித்துக் கிழித்தெறிந்தனர். பால்மரம் வெட்டச் சென்றவர்கள் இருதரப்புக்கும் அஞ்சி வாழ்ந்த காலம் அது.

விடுதலைக்குப் பின்னர் அத்தாளின் மதிப்பு வேறு வகையில் உயர்ந்தது. பிறப்புப் பத்திரம் இல்லாதவர் தாம் இம்மண்ணில் பிறந்ததை மெய்ப்பிக்க இயலவில்லை. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை அற்றோர் 'பெர்மிட்' பெற்றே வேலை செய்யலாம் என்றது. பெர்மிட் கிடைக்காத தமிழர்கள் பல்லாயிரவர் தமிழகத்துக்குத் திரும்பினர், சிவப்பு ஐ.சி.யுடன் முதுமை எய்தியோரும் பலர். கிள்ளான் அருகே தோட்டத்து லயத்தில் வாழ்ந்த என் பாட்டி, பத்திரங்களை எல்லாம் ஒரு தகரப் பெட்டியிலிட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பிலேயே செருகியிருப்பார். நகைகூட அந்தப் பெட்டியில் இல்லை! தாள் தொலைந்தால் வாழ்வே தொலைந்தது என்பது அவர் கண்டறிந்த உண்மை.

நமக்கு வாய்த்த ஆபத்து இதற்கு நேர்மாறானது. தாள் தொலைவதில்லை, நமக்குத் தெரியாமலே நகலாகிவிடுகிறது.

1990இல் பன்னிரண்டு இலக்க எண் வந்தது. முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த நாளைக் காட்டும். அடுத்த இரண்டும் பிறந்த இடம்: சிலாங்கூருக்கு 10, கோலாலம்பூருக்கு 14. இறுதி இலக்கம் ஒற்றைப்படை எனில் ஆண், இரட்டைப்படை எனில் பெண். பெயரே அறியாதவரும் ஒருவரைப் பற்றி இவ்வளவையும் எண்ணிலிருந்து படித்துவிடலாம். (பிள்ளையின் பிறந்த நாளைக் கடவுச்சொல்லாக வைத்திருக்கும் பெற்றோர் இவ்விடத்தில் சற்றே நின்று சிந்திப்பார்களாக.) 2001இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் தொடங்கிய மைகாட்டின் சில்லு பாதுகாப்பானதுதான். ஆனால் நாம் செய்வது என்ன? அட்டையைப் படமெடுத்து, பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு, மருத்துவ அறிக்கை ஆகியவற்றோடு மடிக்கணினியின் முகப்பிலேயே ஒரு கோப்புறையில் போட்டு வைக்கிறோம். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபின், பல வீடுகளில் அந்த ஒரே கணினியில்தான் பிள்ளைகளும் படித்தனர், விளையாட்டுகளைத் தரவிறக்கினர்.

சட்டம் காக்காதா எனலாம். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15இல் நடப்புக்கு வந்தது. அது வணிக நடவடிக்கைகளுக்கு உரியது. கூட்டரசு, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. உடல்நலம், சமயம், அரசியல் கருத்து, குற்றச்சாட்டு ஆகியவற்றையே அது நுண்ணிய தரவு எனப் பிரித்தது. கைரேகை போன்ற உடலடையாளத் தரவுகளை 2024ஆம் ஆண்டுத் திருத்தம்தான் சேர்த்தது. மேலும், குடும்பத் தேவைக்காக ஒருவர் வைத்திருக்கும் தரவுகளுக்கு விலக்களிக்கிறது. அதாவது சட்டம் நம் வாசற்படியோடு நின்றுவிடுகிறது. வெளியிலும் நிலைமை சிறப்பாக இல்லை: 46.2 மில்லியன் கைப்பேசி எண்கள், முகவரிகளோடும் ஐ.சி. எண்களோடும் கசிந்திருந்தது 2017 அக்டோபரில் தெரியவந்தது. நாட்டின் மக்கள்தொகை அப்போது ஏறத்தாழ 32 மில்லியன்தான்!

வாசற்படிக்குள் நடக்கும் பிழைகளுக்கு வருவோம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர் இருவர் பயன்படுத்தி விற்கப்பட்ட 158 வன்தட்டுகளை வாங்கி ஆராய்ந்து, 2003இல் முடிவுகளை வெளியிட்டனர். இயங்கிய 129 தட்டுகளில் முறையாகத் துடைக்கப்பட்டவை 12 மட்டுமே. 'அழி' என்றால் கணினி கோப்பின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்குகிறது. உள்ளடக்கம் பெரும்பாலும் தட்டிலேயே கிடக்கிறது. ஹாங்காங் நடிகர் எடிசன் சென் பழுதுபார்க்கக் கொடுத்த மடிக்கணினியிலிருந்து நகலெடுக்கப்பட்ட அந்தரங்கப் படங்கள் 2008இல் இணையத்தில் பரவின. பழுதுபார்ப்பவர் மறு ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். ஆனால் படங்கள் திரும்பி வரவில்லை.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் இன்னொரு பங்குண்டு. மாணவர் பெயர், மைகிட் எண், பெற்றோர் வருமானம், யார் யாருக்கு உதவித்தொகை என்பன வேலைச்சுமையால் நம் வீட்டுக் கணினிக்கும் வந்து சேர்கின்றன. அவை நம்முடையவை அல்ல, நம்பி ஒப்படைக்கப்பட்டவை. வேலை முடிந்ததும் அவற்றை வீட்டுக் கணினியில் வைத்திருக்கக் காரணமே இல்லை.

சென்ற விடுமுறையில் விசைப்பலகை பழுதாகி, பிரிக்பீல்ட்ஸ் பகுதிக் கடையொன்றுக்குச் செல்ல வேண்டியிருந்தது. கடைத் தம்பி இயல்பாகக் கடவுச்சொல்லைக் கேட்டார். "விசைப்பலகை மாற்ற அது எதற்குத் தம்பி?" என்றேன். சிரித்துவிட்டு, தேவையில்லை டீச்சர் என்றார்.

அதற்கு முன்பே வீட்டில் மூன்று வேலைகளை முடித்திருந்தேன். பிள்ளைகளுக்குத் தனிப் பயனர் கணக்கு. பத்திரங்களின் நகல் வெளிவட்டில், அலமாரிக்குள். வட்டு முழுவதையும் பூட்டும் 'பிட்லாக்கர்' மறையாக்கம். கடவுச்சொல் மறந்தால் திறப்பதற்கென்று அது 48 இலக்க மீட்பு எண் ஒன்றைத் தந்தது. கணினியிலேயே வைத்தால் பயனில்லை என்பதால் தாளில் எழுதி, பாட்டியின் தகரப் பெட்டியில், அவருடைய ஐ.சி.க்கு அடியில் வைத்திருக்கிறேன்.