ஜன்னல் வெட்டின கதை

தாத்தா 1961ல் பென்சிலால வரைஞ்ச திருவாரூர் தேர் எங்க வீட்டு ஹாலில் தொங்குது. அவர் கைப்பட மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். போன மாசம் கண்ணாடி விரிசல் விட்டிருக்கேன்னு சட்டத்தைப் பிரிச்சேன். தேரைச் சுத்தி நாலு பக்கமும் ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரி ஒரு பழுப்புக் கோடு. "உங்க தாத்தா பார்டர் போடலியேடா"ன்னாங்க அம்மா.

போட்டது தாத்தா இல்லை. மவுண்ட்! படத்துக்கு மேல ஜன்னல் வெட்டி வைப்பாங்களே, அந்த அட்டை. நான் பொறந்த வருஷம் சட்டம் போட்ட கடைக்காரரைத் திட்டலாம்னுதான் இதைத் தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டினா நாலு நூற்றாண்டுக் கதை வருது மக்களே.

இத்தாலியில் 16ஆம் நூற்றாண்டில் வசாரின்னு ஒரு ஓவியர். மத்த ஓவியர்களோட கோட்டுப் படங்களைச் சேகரிச்சு ஆல்பமா ஒட்டி, சுத்தி தூண், வளைவுன்னு பேனாவாலேயே சட்டம் வரைஞ்சார். அடுத்து பாரீஸ்காரர் மரியெட் (1694-1774). நீல அட்டையில் படத்தைப் பதிச்சு, சுத்தி தங்கக் கோடு இழுத்து, கீழே ஓவியர் பேரையும் எழுதிடுவார். மனுஷன் கில்லாடி. ரெண்டு பக்கமும் படம் இருந்தா, தாளையே நடுவுல உரிச்சு ரெண்டாக்கிடுவாராம்! அழகு சரி, ஓவியன் விட்டுப்போன தாள் என்ன ஆச்சு?

19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரிட்டிஷ் மியூசியத்தில் யோசனை மாறுச்சு. தடி அட்டையில் ஜன்னல் வெட்டிப் படத்தை உள்ளே பள்ளத்தில் உட்கார வச்சாங்க. அடுக்கினாலும் படங்கள் ஒண்ணோட ஒண்ணு உரசாது. அலங்காரமா இருந்த அட்டை பாதுகாப்பா மாறினது இப்படித்தான். கண்ணாடி போட்டு மாட்டும்போதும் நடுவில் இடைவெளி இருக்கும். நம்ம சென்னைப் புழுக்கத்துக்கு அந்த இடைவெளி இல்லைன்னா படம் கண்ணாடியிலேயே ஒட்டிக்கும்.

அப்போ கோளாறு எங்கே? அட்டையோட உள்ளே. அதுவரை காகிதம் பழந்துணிக் கூழில் செஞ்சது. 1807ல் இல்லிக் என்ற ஜெர்மன்காரர், மை ஊறிப் பரவாம இருக்க படிகாரமும் ரோசின் பிசினும் சேர்க்கற முறையை வெளியிட்டார். 1840களில் கெல்லர் என்ற இன்னொரு ஜெர்மன்காரர் மரத்தையே அரைச்சுக் கூழாக்கினார். காகிதம் மலிஞ்சது, நாம எல்லாரும் படிச்சோம். கூடவே அமிலமும் வந்துச்சு. மவுண்ட்டை 45 டிகிரி சாய்வா வெட்டும்போது உள் அட்டை வெளியே தெரியுமே, அந்த அழகான விளிம்புதான் படத்தைச் சுட்டது. கடைக்காரர் மேல தப்பில்லை. கிடைச்ச அட்டையைப் போட்டார்.

சரி, இந்தத் தடவை நானே வெட்டறதுன்னு முடிவு பண்ணேன். ஆபீஸ்ல ஆணி புடுங்கறவன் வீட்ல ஆணி அடிச்சா என்ன ஆகும்? பருத்தியில் செஞ்ச அமிலமில்லாத அட்டை வாங்கினேன். பின்பக்கம் கோடு போட்டு, பின்பக்கத்திலிருந்தே வெட்டணும். பிளேடு ஒரு இழை தாண்டினா மூலையில் கீறல் விழும், முன்னாடியே நின்னா மூலை பிய்ஞ்சு வரும். மூணு அட்டை குப்பைக்குப் போச்சு. ஒவ்வொரு அட்டைக்கும் புது பிளேடு போடணும்னு நாலாவதுலதான் புத்தி வந்துச்சு.

கடைசியில் ஒரு சிக்கல். ஜன்னலை அரை அங்குலம் சின்னதா வெட்டினா பழுப்புக் கோடு மறைஞ்சிடும். ஆனா கீழ் மூலையில் இருக்கற தாத்தா கையெழுத்தும் மறைஞ்சிடும். அம்மாகிட்ட கேட்டேன். "கறை இருந்தா இருந்துட்டுப் போகட்டும். அப்பா பேரு தெரியணும்"னாங்க.

பெருசாவே வெட்டிட்டேன்.

கொசுறு: உங்க வீட்டுப் பழைய படங்களையும் ஒருதடவை பிரிச்சுப் பாருங்க. அட்டை விளிம்பு பழுப்பா இருந்தா உடனே மாத்திடுங்க.